வாப்பாவுக்கு ஒரு பெருநாள் அட்டை: சிப்பி வேண்டாம், பவளம் வேண்டவே வேண்டாம்

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது, யுகேஜி படிக்கிறாள். அவள் வாப்பா துபாயில் இருக்கிறார். நோன்புப் பெருநாளுக்குத் தன் கையாலேயே வாழ்த்து அட்டை செய்து அனுப்பணும் என்று ஒரே பிடிவாதம். போன பெருநாளுக்குக் கரையில் பொறுக்கிய சிப்பிகளை ஒட்டி அனுப்பினோம். அவர் பிரித்தபோது அட்டை வளைந்து, சிப்பி எல்லாம் உதிர்ந்து கவருக்குள் கிடந்ததாம். இந்த முறை கடையில் பாட்டுப் பாடும் அட்டை செய்கிற ‘கிட்’ வாங்கலாமா? அல்லது துபாய்க்குப் போகிற தெரிந்தவர் ஒருவர் கையில் சிப்பியும் வீட்டில் இருக்கிற பவளத் துண்டும் கொடுத்துவிடலாமா? (கீழக்கரை வாசகி)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். பவளத் துண்டை யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. ஏன் என்று பிறகு விளக்குகிறேன். இப்போது உதிர்ந்த சிப்பிக்கு வருவோம்.

நீங்கள் ஒட்டியதில் தப்பில்லை. சிப்பியையும் அட்டையையும் வெள்ளைப் பசை சேர்த்துப் பிடிக்காது, அவ்வளவுதான். ஃபெவிகால் மாதிரியான பசையில் தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீர் வெளியேறினால்தான் பசை இறுகும். சிப்பி தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது, ஆகவே பெரும்பாலான ஈரமும் அட்டைக்குள் இறங்குகிறது. அட்டை ஊறி வளைகிறது. சிப்பி வளையுமா? அது விளிம்பில் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் அட்டையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். போதாததற்கு, கரையில் எடுத்த சிப்பியின் நுண்ணிய துளைகளில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? மேலே காய்ந்த மாதிரி தெரிகிற பசை அடியில் நாள் கணக்கில் நசநசவென்று கிடக்கும். அதற்கு மேல் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவர் ஒரு குத்து குத்தினால் கதை முடிந்தது.

கடையில் கேட்டால் உடனே ஃபெவிக்விக்கை எடுத்து நீட்டுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிற இடத்தில் அந்தக் குழாயைத் திறக்கவே கூடாது. விரலோடு விரல் ஒட்டும், கண்ணில் தெறித்தால் ஆஸ்பத்திரிதான். பருத்தித் துணியில் பட்டால் சூடேறித் தோலைச் சுடும் என்பது பலருக்குத் தெரியாது. வெயில் காலத்தில் பிள்ளைக்குப் போட்டிருப்பது பருத்திச் சட்டைதானே?

பழைய பைண்டிங் கடைப் பழக்கத்தில் மைதாப் பசை காய்ச்சித் தருகிறேன் என்று யாராவது வந்தால், அதில் மயில்துத்தம் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் போடுவார்கள். அது விஷம். வீட்டில் காய்ச்சுவதானால் ஒரு மேசைக்கரண்டி மைதாவை அரை டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி போல் ஆகும்வரை கிண்டி இறக்கினால் போதும். இரண்டு நாளில் புளித்துவிடும், கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

ஆக, தபாலில் போகிற அட்டையில் சிப்பி வேண்டாம். சிப்பியின் அச்சு போதும், அதில் பிள்ளைக்கு வேலையும் அதிகம். வரி வரியாக இருக்கிற மட்டிச் சிப்பி ஒன்றை நல்ல தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டு, காலையில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் காய வையுங்கள். பளிச்சென்று ஆகட்டும் என்று வினிகர் ஊற்றாதீர்கள், சிப்பியே கரையும். வாட்டர் கலரைத் தண்ணீர் அதிகம் விடாமல் கெட்டியாகக் குழைத்து, சிப்பியின் முதுகில் பிள்ளையே தடவட்டும். அட்டையின் அடியில் நான்காக மடித்த துண்டை விரித்துவிட்டு, சிப்பியைக் கவிழ்த்து மெதுவாக இப்படியும் அப்படியும் உருட்டச் சொல்லுங்கள். துண்டு இல்லாவிட்டால் சிப்பியின் மேடு மட்டும்தான் விழும். முதல் நான்கைந்து அச்சு அப்பிக்கொண்டுதான் வரும். அவற்றைப் பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் போடட்டும்.

அதைவிட எனக்குப் பிடித்தது பூவரச இலை. கீழக்கரையில் தெருவுக்கு ஒரு மரமாவது இருக்கும். இலையே இதய வடிவம், நீங்கள் கத்தரிக்க வேண்டியதில்லை. நன்கு முற்றிய இலையின் பின்பக்கம் மேலே வரும்படி வைத்து, அதன்மேல் மெல்லிய வெள்ளைத் தாளைப் போட்டு, மேலுறை உரித்த மெழுகு க்ரையானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்பெல்லாம் எழும்பி வரும். சார்ட் அட்டையில் நேரடியாகத் தேய்த்தால் ஒன்றும் தெரியாது; மெல்லிய தாளில் எடுத்து, பிறகு வெட்டி அட்டையில் ஒட்ட வேண்டும். தாளோடு தாள் ஒட்டும்போது பசை மைபோல மெல்லிசாகப் போதும். ஒட்டியதும் இரண்டு கனமான புத்தகங்களுக்கு நடுவே ஓர் இரவு வைத்தால் அட்டை வளையாது.

அட்டையை மடிப்பதில் ஒரு சின்ன விஷயம். எந்த அட்டையும் ஒரு திசையில் வாகாக மடியும், மறு திசையில் மடித்தால் மடிப்பு வெடித்துத் தும்பு தும்பாகத் தெரியும். மடிப்பதற்கு முன் லேசாக இரு பக்கமும் வளைத்துப் பாருங்கள். எளிதாக வளைகிற பக்கம் மடியுங்கள். மை தீர்ந்த ரீஃபிலால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டு மடித்தால் கடையில் வாங்கினது போல நிற்கும். ஏ4 அளவை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மடித்தால் சின்ன கவருக்குள் அடங்கும். இந்த வேலை உங்களுடையது. மற்றது எல்லாம் அவளுடையது.

இங்கேதான் பெரும்பாலான அம்மாக்கள் பொறுமை இழக்கிறார்கள். பிள்ளை கோணலாக ஒட்டினால் பிரித்து நேராக ஒட்டுவது, ‘வாப்பா’வில் ஒரு எழுத்தைத் திருப்பி எழுதினால் அழித்துத் தாங்களே எழுதுவது. ஐந்து வயதில் எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுதுவது சாதாரணம். அவளால் பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் ஓரிடத்தில் உட்கார முடியாது. ஆகவே ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் இன்று இலை, நாளை அச்சு, மறுநாள் எழுத்து என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

சரி, கிட். அந்தப் பெட்டியில் இருப்பது முன்கூட்டியே வெட்டிய ஃபோம் துண்டுகளும், பின்னால் பசை தடவிய ஸ்டிக்கர்களும், ஒரு பாக்கெட் ஜிகினாத் தூளும். படத்தில் காட்டிய இடத்தில் ஒட்டுவது மட்டும்தான் பிள்ளையின் வேலை. அது கைவேலையா? ஜிகினாத் தூள் பெரும்பாலும் பிளாஸ்டிக். கச்சான் காற்றடிக்கிற வீட்டில் அது கண்ணுக்குள் போகும், மிச்சம் சாக்கடை வழியாகக் கடலுக்குப் போகும். இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தப் பாட்டுப் பாடும் தகட்டைப் பொறுக்க முடியாது. அதற்குள் இருப்பது பொத்தான் பேட்டரி. மடிப்பு பிய்ந்தால் தனியே விழும், குழந்தை வாயில் போடும். தொண்டையில் சிக்கிய பொத்தான் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வீட்டில் இன்னும் சின்னப் பிள்ளை இருந்தால் அந்தப் பெட்டியை வாசலிலேயே நிறுத்துங்கள். விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். வாழைப்பழம் கொடுத்துத் தள்ளிவிடலாம் என்று காத்திருக்கக் கூடாது.

இந்தக் கிட்டுகளை வாழவைப்பது யார் தெரியுமா? நம் பள்ளிகள். பென்சில் பிடிக்கவே கஷ்டப்படுகிற பிள்ளைக்கு ‘ப்ராஜெக்ட்’ என்று கலங்கரை விளக்கமும் பாம்பன் பாலமும் செய்துவரச் சொல்கிறார்கள். அம்மா ராத்திரி பதினொரு மணி வரை தெர்மாகோல் வெட்டுகிறார், அல்லது கடையில் செய்து வைத்ததை வாங்குகிறார். மறுநாள் அழகாக இருக்கிற ‘அம்மா ப்ராஜெக்ட்’டுக்கு நட்சத்திரம், பிள்ளை தானே செய்த கோணல் மாணலுக்கு ஒன்றுமில்லை. ஆர்டர் எடுத்து ப்ராஜெக்ட் செய்து தருகிற கடைகள் ஊருக்கு ஊர் முளைத்திருக்கின்றன. பள்ளிக்குத் தெரியாமலா நடக்கிறது? உங்கள் மகள் செய்கிற அட்டைக்கு யாரும் மார்க் போடப் போவதில்லை, அந்த நிம்மதியாவது இருக்கிறது.

இனி பவளம். ‘கரையில் செத்து ஒதுங்கியதுதானே, நான் கடலில் இறங்கி உடைக்கவில்லையே’ என்று எல்லோரும் சொல்வதைத்தான் நீங்களும் நினைப்பீர்கள். சட்டத்துக்கு அந்த வித்தியாசம் கிடையாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-ல் பாறை கட்டும் பவள வகைகள் அத்தனையும் சேர்க்கப்பட்டன, அதுவும் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உள்ள இடத்தில். உயிரோடு இருந்தாலும் செத்தாலும், முழுசாக இருந்தாலும் துண்டாக இருந்தாலும் அரசின் சொத்து. தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. கடல்குதிரையும் அதே கதைதான், உலர்ந்து சருகாகக் கிடந்தாலும். உங்கள் துண்டு தாத்தா காலத்திலிருந்து அலமாரியில் இருக்கலாம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கிற அதிகாரிக்கு உங்கள் தாத்தாவைத் தெரியாது. பவளம் நாடு தாண்டுவதற்குச் சர்வதேச ஒப்பந்தக் கட்டுப்பாடும் உண்டு, துபாயிலும் கேட்பார்கள். மாட்டிக்கொள்வது நீங்களில்லை, உங்களுக்காகச் சுமந்துபோகிற அந்த மனிதர். அவர் வேலைக்குப் போகிறவர், அவர் விசாவை யோசியுங்கள்.

‘ஏர்போர்ட்டில் நமக்கு ஆள் இருக்கு, பொட்டலம் கட்டி அனுப்பிடலாம்’ என்று சொல்கிறவர்களும் உண்டு. காசை வாங்கிக்கொள்வார்கள், பெட்டி சிக்கினால் போனை எடுக்க மாட்டார்கள்.

கடுமை எதற்கு என்று தோன்றும். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதற்கு முன் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தார்கள். உங்கள் கீழக்கரைத் தீவுக் கூட்டத்திலிருந்த பூவரசன்பட்டி இப்போது தண்ணீருக்கு அடியில். இதையெல்லாம் கரைக்குக் கரை படம் போட்டுத் தமிழில் ஒரு பலகை எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? பொறுக்கிய பிறகு பிடிப்பதில் இருக்கிற சுறுசுறுப்பு, பொறுக்குமுன் சொல்வதில் இல்லை.

சிப்பிகளிலும் சில வகை பட்டியலில் இருக்கின்றன. சில ஐவிரல் சங்குகள், ராட்சத மட்டி, கண்ணாடித் தகடுபோல் ஒளி ஊடுருவுகிற தட்டைச் சிப்பி. அட்டையில் ஒட்டுவதற்கு இந்தக் கடைசிச் சிப்பிதான் கச்சிதம் என்று தோன்றும், அதனால்தான் சொல்கிறேன். சாதாரண மட்டி ஓட்டில் அச்சு எடுப்பதற்குப் பயமில்லை. பிள்ளை பொறுக்கும்போது கூம்பு வடிவச் சங்கு எதுவும் கையில் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே உயிர் இருந்தால் விஷ ஊசி வைத்திருக்கும், சில வகையின் கொட்டு ஆளையே கொல்லும்.

அவளுக்கு இன்னும் ஆசை தீராவிட்டால், உள்ளூரில் நன்னாவுக்கோ மாமிக்கோ கொடுக்க ஒரு பாசி அட்டை செய்யலாம். அலை ஒதுக்கிப்போட்ட மெல்லிய பச்சைப் பாசி, சிவப்புப் பாசி கொஞ்சம் போதும். கட்டக்கோரை என்கிற பழுப்புப் பாசி தடிமன், ஒட்டாது. நல்ல தண்ணீரில் அலசி, அகலமான தட்டில் தண்ணீர் விட்டு மிதக்கவிடுங்கள். அடியில் கெட்டித் தாளை நுழைத்து, ஈர்க்குச்சியால் பாசியை அவள் விரித்துவிடட்டும். தாளை மெதுவாகத் தூக்கி வடித்து, மேலே பழைய வேட்டித் துணி, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் அம்மிக்கல். செய்தித்தாளைத் தினம் மாற்றுங்கள். நன்கு காய்ந்த பிறகு துணியை உரித்தால் பாசி தன் பசையிலேயே தாளில் ஒட்டியிருக்கும். இதை வெளிநாட்டுத் தபாலில் வைக்காதீர்கள். பாசி, விதை, மணல், காய்ந்த பூ என்று எது இருந்தாலும் சுங்கத்தில் நிறுத்திவைக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். துபாய்க்குத் தாளும் வண்ணமும் மட்டும் போகட்டும்.

அனுப்புவது தபால் நிலையத்திலேயே. தட்டையான அட்டை சாதாரண ஏர்மெயில் கடிதமாகப் போகும். கவுன்டரில் எடை போட்டுத் தபால்தலை வாங்கி ஒட்டுங்கள், குத்துமதிப்பாக ஒட்டிப் பெட்டியில் போட வேண்டாம். ‘டாக்குமென்ட்’ என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிற கூரியர் ஏஜென்ட்டுகளிடம் ஒரு பிள்ளையின் அட்டைக்காகப் போகத் தேவையில்லை. துபாயில் சாதாரணக் கடிதம் தபால்பெட்டி எண்ணுக்குத்தான் போகும், ரூம் முகவரி எழுதினால் சுற்றிக்கொண்டே இருக்கும். அவர் கம்பெனியின் தபால்பெட்டி எண்ணைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுங்கள், அவர் கைப்பேசி எண்ணையும் சேர்த்து. பின்பக்கம் உங்கள் முகவரி. ரமலானின் முதல் நோன்பான தலைநோன்புக்கு முன்பே தபாலில் சேர்த்துவிட்டால் பெருநாளுக்குள் போய்ச் சேர ஒரு மாதம் கையில் இருக்கும். அப்படியானால் பூவரச இலை பறிப்பதை அதற்கும் இரண்டு வாரம் முன்னதாகத் தொடங்க வேண்டும்.