ஊட்டச்சத்தின் இரட்டைச் சுமை என்றால் என்ன? அதை எப்படி அளக்கிறார்கள்?

ஒரே நாட்டில், ஒரே வீட்டில், சமயத்தில் ஒரே உடம்பிலேயே அதிக எடையும் சத்துக்குறைவும் சேர்ந்திருப்பதுதான் இரட்டைச் சுமை. வண்டியில் பெட்ரோல் டேங்க் நிறைந்திருக்கிறது, இன்ஜின் ஆயில் வற்றிப்போயிருக்கிறது, அந்த மாதிரி. மலிவான உணவில் பெரும்பாலும் மாவு, சர்க்கரை, எண்ணெய் தாராளம். இரும்பும் புரதமும் சொற்பம்.

சரி, எப்படி அளப்பது? பெரியவர்களுக்கு பி.எம்.ஐ: கிலோ எடையை, மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 18.5-க்குக் கீழே மெலிவு, 25 முதல் அதிக எடை. சின்னக் குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற உயரத்தை உலக சுகாதார நிறுவனத்தின் 2006 அளவுகோலோடு ஒப்பிடுவார்கள். அம்மாவுக்கு பி.எம்.ஐ 27, பிள்ளையோ வயதுக்கேற்ற உயரமில்லாமல் வளர்ச்சி குன்றியது என்றால் அந்த வீடு இரட்டைச் சுமைக் கணக்கில் சேரும். ஆனால் ரத்தசோகை இந்த அளவுகளில் அகப்படாது. ஹீமோகுளோபின் பரிசோதனை தனியாக வேண்டும்.

அதனால், குண்டாக இருப்பவருக்குச் சத்துக்குறைவே இருக்காது என்று பலரும் நினைப்பது தவறு.