ஆட்டுக்கறி சாப்பிட்ட அன்று நடுராத்திரியில் வயிற்றைப் பிடுங்குகிறது, தடிப்போ அரிப்போ இல்லை. இது அலர்ஜியாக இருக்குமா?

இருக்கலாமுங்க. எனக்கு அப்படித்தான் இருந்தது, தெரிந்துகொள்ள மூன்று வருடம் ஆனது.

எங்களுக்கு வெள்ளகோவில் பக்கம். கொறங்காட்டில், அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் நிலத்தில், செம்மறி மேய்க்கிற குடும்பம். கிளுவை வேலியோரம் போய்வந்தால் காலில் உண்ணி தேடிப் பிடுங்குவது அன்றாட வேலை. ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குக் கறிக்குழம்பு சாப்பிட்டுப் படுப்பேன். ஒரு மணி வாக்கில் தொப்புளைச் சுற்றி முறுக்கும், பேதியாகும், சில நாள் வாந்தியும் வரும். உடம்பில் ஒரு தடிப்பு கிடையாது. அம்மாயி சூடு என்று வெந்தயமும் மோரும் கொடுப்பார். எண்டோஸ்கோபியிலும் ஒன்றும் தெரியவில்லை.

வழி காட்டியது தினசரி காலண்டர்தான். கிழித்த தாளின் பின்பக்கம் என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, வலி எப்போது என்று வீட்டுக்காரி எழுதிவைத்தாள். கோயில் கிடா விருந்தன்று ஒன்றரை மணிக்குப் பந்தியில் உட்கார்ந்தேன். வலி சாயந்திரம் ஆறு மணிக்கே வந்துவிட்டது! அதுவரை ராத்திரிக்கும் வலிக்கும்தான் முடிச்சுப் போட்டிருந்தோம். நாட்டுக்கோழி, மீன் சாப்பிட்ட தாள்களில் வலி என்ற சொல்லே இல்லை. குடல் குழம்பு நாள்தான் படுமோசம்.

ஆடு, மாடு, பன்றிக் கறியில் ஆல்ஃபா-கால் என்றொரு சர்க்கரை உண்டு. மனித உடம்பில், கோழியில், மீனில் அது கிடையாது. சில வகை உண்ணிகள் கடித்தால் நம் உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொள்கிறது. வேர்க்கடலை அலர்ஜி நிமிடங்களில் காட்டிவிடும். இதற்கு 2 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். கொழுப்பு கூடினால் தொந்தரவும் கூடும். இத்தனை நேரம் கழித்து வருவதால்தான் பழி எப்போதும் வேறு எதன் மேலாவது விழுகிறது. செடுக்சிமேப் என்ற புற்றுநோய் மருந்து ஏற்றியதுமே அமெரிக்காவில் சிலருக்கு ஒவ்வாமை வந்தது. ஏன் என்று தேடிய அலர்ஜி மருத்துவர் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸின் குழு, அந்த மருந்தில் இருந்த இந்தச் சர்க்கரைதான் காரணம் என்று 2008-ல் கண்டுபிடித்தது. வயிற்றுவலி, பேதி மட்டுமே அறிகுறியாக வரலாம் என்று 2023-ல் அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர் சங்கமும் மருத்துவர்களுக்குச் சொல்லியிருக்கிறது.

ஆல்ஃபா-கால் ஐஜிஇ என்று ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அந்தச் சர்க்கரைக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று அதில் பார்ப்பார்கள். அலர்ஜி மருத்துவரிடம் கேளுங்கள். அது ரத்தத்தில் இருப்பது மட்டும் போதாது, கறியை நிறுத்தினால் வலியும் நிற்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். நீங்களாகக் கறி தின்று சோதித்துப் பார்க்க வேண்டாம். மூச்சுத் திணறலோ, முகவீக்கமோ, மயக்கமோ வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சிலருக்குப் பால், நெய், ஜெலட்டின் கேப்ஸ்யூல் கூட ஆகாது. எனக்குப் பால் ஒன்றும் செய்யவில்லை. அப்புறம், புதிதாக உண்ணி கடிக்காமல் இருந்தால் பலருக்கு இது வருடக்கணக்கில் மெல்லக் குறையும். இப்போது பட்டிக்குப் போகும்போதெல்லாம் முழுக்கால் பேண்ட்டைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொண்டுதான் போகிறேன்.