அண்ணனுக்குப் பந்து போட வேறு ஆளே இல்லையா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. வலது கை மித வேகப்பந்து போடுவாள், ஐந்தாவதாக பேட்டிங் இறங்குவாள். ஆல்ரவுண்டராக வருவாள் என்கிறார் கோச். மூன்று வாரமாக இடுப்புக்குச் சற்று மேலே இடது பக்கம் வலி. மாத்திரை போட்டால் அடங்குகிறது, பந்து போட்டால் திரும்ப வருகிறது. இரண்டையும் பெண் உடம்பு தாங்காது, பந்துவீச்சை விடச் சொல் என்கிறார் மாமியார். விட்டுவிடலாமா? அகாடமி வாரத்தில் மூன்று நாள்தான். மற்றபடி தினமும் சாயங்காலம் வீட்டு முன்னால் சிமென்ட் ரோட்டில் அவள் அண்ணனுக்கு ஒரு மணி நேரம் பந்து போடுவாள். அவனும் கிரிக்கெட் ஆடுகிறான், அவனுக்கு வேறு ஆள் கிடைப்பதில்லை.
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மாமியார் சொன்னதை அப்புறம் பார்ப்போம். கடைசியில் போகிற போக்கில் எழுதினீர்களே அந்தச் சிமென்ட் ரோடு, அதைப் பேசுவோம்.

ஓடி வந்து போட்டு, திரும்பி நடக்க ஒரு பந்துக்கு அரை நிமிடம் என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்தில் 120 பந்து ஆகிறது. 20 ஓவர். 15 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர்களுக்கு இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வைத்திருக்கும் வரம்பு ஒரே மூச்சில் 6 ஓவர், ஒரு நாளைக்கு 12 ஓவர். அகாடமி இல்லாத நாளிலேயே உங்கள் மகள் அதைத் தாண்டிவிடுகிறாள். அகாடமி உள்ள நாளில் கேட்கவே வேண்டாம். கோச்சுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கண்ணெதிரே விழும் பந்துதான். ரோட்டுக் கணக்கு அவருக்குத் தெரியுமா? நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

முன்கால் ஊன்றும்போது உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை காலில் இறங்குகிறது. மண்ணும் புல்லும் அதில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். சிமென்ட் அப்படியே முதுகுக்கு ஏற்றிவிடும். அதே நொடியில் முதுகு வளைந்து திருகுகிறது. கீழ் முதுகு எலும்பு 14 வயதில் முற்றியிருக்காது. வலது கைப் பந்துவீச்சாளருக்கு இடது பக்கம் வலி, ஓய்வில் குறைகிறது, போட்டால் திரும்புகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சரைத்தான், அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் விழும் விரிசல். இன்னொன்று, அவர்கள் ஆடுவது அண்ணனுடைய பந்தில்தானே? ஆண்கள் பந்து 156 முதல் 163 கிராம். பெண்கள் ஆட்டத்தில் 140 முதல் 151 கிராம். அந்த வித்தியாசத்தையும் தினம் 120 தடவை அவள் தோள் சுமக்கிறது.

இன்றிலிருந்து ஒரு பந்துகூடப் போடக் கூடாது. வலி மாத்திரை கொடுத்துப் பயிற்சிக்கு அனுப்புவதையும் நிறுத்துங்கள், அது எச்சரிக்கையை அமுக்குகிற வேலை. விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரே மட்டும் எடுத்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று திரும்பி வராதீர்கள், ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ. தேவையா என்று நீங்களே கேளுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்பதை நீங்கள் அவளிடம் கேட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆடும் அளவுக்குச் சாப்பிடாத பெண்ணுக்கு முதலில் அது தள்ளிப்போகும், பிறகு எலும்பு பலவீனப்படும். விரிசல் உறுதியானால் மாதக்கணக்கில் ஓய்வு. அந்த நாட்களில் பேட்டிங் உண்டா இல்லையா என்பதையும் மருத்துவரே சொல்லட்டும், பேட்டிங்கிலும் முதுகு திருகத்தான் செய்கிறது.

திரும்பி வரும்போது ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, இடம், எத்தனை பந்து, வலி பத்துக்கு எத்தனை. வார்ம் அப்பில் போட்டதும் கணக்கில் வர வேண்டும். வாரத்தில் நான்கு நாளுக்கு மேல் பந்துவீச்சு வேண்டாம், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். மாதம் ஒருமுறை கோச்சிடம் நோட்டைக் காட்டுங்கள்.

இனி மாமியார். எலிஸ் பெர்ரி 2007-இல் 16 வயதில் ஆஸ்திரேலியாவுக்கு ஆட வந்தபோது வேகப்பந்து வீச்சாளர், பேட்டிங்கில் பின்வரிசை. 2017-இல் இங்கிலாந்துக்கு எதிரான ஆஷஸ் டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 213 அடித்தார். 2019-இல் ஒரு நாள் ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 22 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். பெண் உடம்புதான். 2022 உலகக் கோப்பையில் முதுகுப் பிடிப்பால் அரையிறுதியைத் தவறவிட்டவர், இறுதிப் போட்டியில் பந்தே போடாமல் பேட்டராக மட்டும் இறங்கினார். இரண்டும் தெரிந்தவருக்கு ஒன்று படுத்தாலும் அணியில் இடம் மிஞ்சும். அதனால் இப்போது எதையும் விட வேண்டாம். பின்னால் சுழலுக்கு மாறுவதும் ஒரு வழிதான். நம் இந்திய அணியின் தீப்தி சர்மா மித வேகத்தில் ஆரம்பித்து ஆஃப் ஸ்பின்னுக்கு வந்தவர். 2025 உலகக் கோப்பையில் 215 ரன், 22 விக்கெட், தொடரின் சிறந்த வீராங்கனை. மாறுவதா என்பதை மருத்துவர் சொன்ன பிறகு மகளும் கோச்சும் பேசி முடிவு செய்யட்டும். சமையலறையில் முடிவாக வேண்டிய விஷயம் இல்லை இது.

ஆக்ராவில் தீப்தியை மைதானத்துக்குக் கூட்டிப்போனவர் அவருடைய அண்ணன் சுமித். பிறகு வேலையையே விட்டு வந்து தங்கைக்குப் பயிற்சி கொடுத்தார். உங்கள் மகனை வேலையை விடச் சொல்லவில்லை, அவன் படிக்கட்டும். ஆனால் அவன் தங்கைக்கு ஒரு நாளாவது பந்து போட்டானா? உங்கள் கடிதத்தில் இல்லை. அவன் பேட்டிங் தேற அவள் முதுகைக் கொடுத்திருக்கிறீர்கள். வலி என்று அவள் சொன்ன பிறகும் அதை நிறுத்தத் தோன்றவில்லை, பந்துவீச்சையே விடச் சொல்லலாமா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. மகனுக்கு வசதி, மகளுக்குத் தியாகம் என்று பிரிக்கிற வீட்டில் ஆல்ரவுண்டர் வளர மாட்டாள், வேலைக்காரிதான் வளருவாள். கோபம் வந்தால் வரட்டும்.

மகனுக்குப் பந்து வேண்டுமா? அப்பா இருக்கிறாரே, அவர் 15 கெஜத்திலிருந்து கையால் எறியலாம். சைட் ஆர்ம் (பந்தை வைத்து வீசும் நீளக் கைப்பிடிக் கரண்டி) ஒன்று வாங்கினால் தோள் நோகாமல் வேகமும் கிடைக்கும். மருத்துவர் பேட்டிங்குக்குச் சம்மதித்த நாள் முதல் மகன் தங்கைக்குத் தினம் 60 பந்து எறியட்டும், பெண்கள் பந்தில். அவன் முறை அதற்குப் பிறகு.