ஈக்கும் நமக்கும் இவ்வளவு மரபணுக்கள் பொதுவாக இருந்தும் உருவம் ஏன் இப்படி வேறுபடுகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: சிம்பன்சிக்கும் மனிதனுக்கும் டிஎன்ஏ 99 சதவீதம் ஒன்று என்கிறார்கள், பழ ஈயின் மரபணுக்களில் பாதிக்கு மேல் நம்மிடமும் இருக்கிறதாம், அப்படியானால் ஒன்று ஈயாகவும் இன்னொன்று மனிதனாகவும் ஆவது எதனால்?

மரபியல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். விலங்குகளின் உருவம் இவ்வளவு வேறுபடுவதற்குப் பெரிய காரணம், எந்தெந்த மரபணு இருக்கிறது என்பது அல்ல. இருக்கிற மரபணு எந்தச் செல்லில், கரு வளரும்போது எந்த நேரத்தில், எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான். அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், மற்றவற்றுக்கும் வருகிறேன்.

முதலில் எண்ணிக்கை. மனித ஜீனோமை, அதாவது நம் டிஎன்ஏவின் மொத்தத் தொகுப்பை, முழுதாகப் படிப்பதற்கு முன்பு, நம்மிடம் ஒரு லட்சம் மரபணு இருக்கும் என்று பலர் நினைத்திருந்தார்கள். 2001இல் முதல் வரைவு வந்தபோது அது 30,000க்குப் பக்கத்தில் இறங்கியது, இன்றைய கணக்கில் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000தான். ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள, உடம்பில் ஆயிரத்துக்கும் குறைவான செல்களே உள்ள சீனோராப்டிடிஸ் என்ற உருளைப்புழுவுக்கும் ஏறக்குறைய அதே 20,000. நெற்பயிருக்கு நம்மைப் போல இரண்டு மடங்கு. ஆக எண்ணிக்கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. போதாததற்கு, ஒரு மரபணுவின் துண்டுகளை வேறு வேறு விதமாகச் சேர்த்து ஒன்றுக்கு மேற்பட்ட புரதங்களையும் செய்யலாம். பழ ஈயில் டிஸ்காம் என்ற ஒரே மரபணுவிலிருந்து 38,016 வகைகள் வர வாய்ப்பிருக்கிறது.

சரி, மரபணுக்கள் பொதுவானவை என்று சொல்கிறோமே, அது எந்த அளவுக்கு உண்மை? 1987இல் பால் நர்ஸும் மெலனி லீயும் ஒரு சோதனை செய்தார்கள். ஈஸ்ட் செல் இரண்டாகப் பிரிவதற்கு ஒரு மரபணு கட்டாயம் வேண்டும். அது பழுதான ஈஸ்ட்டுக்குள் மனித டிஎன்ஏ துண்டுகளை விட்டுப் பார்த்தார்கள். மனித மரபணு ஒன்று அந்த வேலையை எடுத்துக்கொண்டது, ஈஸ்ட் மறுபடி பிரியத் தொடங்கியது. நமக்கும் ஈஸ்ட்டுக்கும் பொது மூதாதை இருந்தது நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்பதை மனதில் வைத்துக்கொண்டு இதை யோசியுங்கள். எனக்கு இன்றும் மலைப்பாகத்தான் இருக்கிறது. நர்ஸுக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்புறம் 1995இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கெரிங்கின் ஆய்வகம் செய்த சோதனை. எலிக்குக் கண் உருவாகத் தேவையான பேக்ஸ்6 மரபணுவை எடுத்து, பழ ஈயின் காலிலும் இறக்கையிலும் உணர்கொம்பிலும் வேலை செய்ய வைத்தார்கள். அந்த இடங்களில் கண் முளைத்தது. ஆனால் எலிக் கண் இல்லை, நூற்றுக்கணக்கான சிறு அறைகள் கொண்ட ஈயின் கூட்டுக்கண். கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது. ‘இங்கே கண் வரட்டும்’ என்பது மட்டுமே பேக்ஸ்6 கொடுக்கிற உத்தரவு. எப்படிப்பட்ட கண் என்பதை, அந்த உத்தரவைக் கேட்டு வரிசையாக விழித்துக்கொள்ளும் மற்ற மரபணுக்கள் முடிவு செய்கின்றன. அந்த வரிசை ஈயில் ஒரு மாதிரி, எலியில் வேறு மாதிரி. மனிதனில் இதே பேக்ஸ்6இன் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால் கருவிழிப் படலம் இல்லாமல் குழந்தை பிறக்கும்.

மரபணுவை இயக்கவும் நிறுத்தவும் டிஎன்ஏவிலேயே சிறு சிறு பகுதிகள் இருக்கின்றன. இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதை 1961இலேயே பாரிஸில் பிரான்சுவா ஜேக்கப்பும் ஜாக் மோனோவும் பாக்டீரியாவை வைத்து விளக்கிவிட்டார்கள். இந்தப் பகுதிகளை நான் சுவிட்ச் என்றே சொல்கிறேன். சில புரதங்கள் வந்து சுவிட்சில் ஒட்டினால்தான் அந்தச் செல்லில் அந்த மரபணு வேலை தொடங்கும். சுவிட்ச் மரபணுவை ஒட்டியே இருக்க வேண்டும் என்பதில்லை, பல லட்சம் எழுத்துகள் தள்ளிக்கூட இருக்கலாம் (டிஎன்ஏ இழையில் வரிசையாக அமைந்திருக்கும் அலகுகளைத்தான் எழுத்துகள் என்கிறேன்). இன்னொன்றும் முக்கியம்: ஒரே மரபணுவுக்குப் பல சுவிட்சுகள் இருக்கும், தாடைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று தனித்தனியாக. பரிணாமத்துக்கு இது எவ்வளவு வசதி என்பதை ஒரு மீனை வைத்துப் பார்க்கலாம்.

ஸ்டிக்கில்பேக் என்று ஒரு சின்ன மீன். கடலில் வாழும் ஸ்டிக்கில்பேக்குக்கு இடுப்புப் பகுதியில் கூரான முட்கள் உண்டு, பெரிய மீன் விழுங்க வந்தால் அதன் தொண்டையில் குத்தும். கடைசிப் பனியுகம் முடிந்து, ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பு பனிப்பாறைகள் பின்வாங்கியபோது, இந்த மீன்களில் சில புதிதாக உருவான ஏரிகளுக்குள் வந்து அங்கேயே தங்கிவிட்டன. அவற்றில் பல ஏரிகளில் உள்ள மீன்களுக்கு இன்று இடுப்பு முள் இல்லை. அங்கே விழுங்க வரும் பெரிய மீன்கள் குறைவு, தும்பியின் இளம்பூச்சிகள் முள்ளைப் பிடித்துக்கொண்டு மீனைத் தின்னும், அதனால் முள் இல்லாதவை தப்பித்தன என்பது ஒரு விளக்கம். ஏரி நீரில் கால்சியம் குறைவு என்பது இன்னொன்று. ஸ்டான்ஃபோர்டில் டேவிட் கிங்ஸ்லியின் குழு இதன் மரபணுக் காரணத்தைத் தேடிப்போனது. கிடைத்தது பிட்எக்ஸ்1 என்ற மரபணு. ஆச்சரியம் என்னவென்றால், முள் இல்லாத மீனிலும் அந்த மரபணு செய்யும் புரதத்தில் ஒரு மாற்றமும் இல்லை, அச்சு அசலாக அதே புரதம். காணாமல் போயிருந்தது இடுப்புக்கான சுவிட்ச் மட்டும். வெவ்வேறு ஏரிகளில் அந்தச் சுவிட்ச் தனித்தனியாக, வெவ்வேறு நீளத்தில் அறுந்து போயிருந்தது. கடல் மீனின் சுவிட்சோடு பிட்எக்ஸ்1ஐச் சேர்த்து, முள் இல்லாத மீனின் முட்டைக்குள் செலுத்தினார்கள். அந்த மீனுக்கு இடுப்பு எலும்பு மறுபடி வளர்ந்தது. 2010இல் வெளியான ஆய்வு இது.

ஏன் மரபணுவே உடையாமல் சுவிட்ச் மட்டும் போயிற்று? பிட்எக்ஸ்1 தாடையிலும் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலும் கூட வேலை செய்கிறது. எலியில் அதை முழுக்கச் செயலிழக்கச் செய்தால் குட்டி பிறந்ததும் இறந்துவிடும். மரபணு உடைந்தால் எல்லா இடத்திலும் அடி விழும், ஒரு சுவிட்ச் போனால் ஓர் உறுப்போடு விஷயம் முடிந்துவிடும். உயிரோடு மிஞ்சி அடுத்த தலைமுறைக்குப் போக வாய்ப்புள்ள மாற்றம் இந்த இரண்டாவது வகைதான்.

பாம்பின் கதையும் இதே திசையில்தான் போகிறது. சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு மூளை, முதுகுத்தண்டு, கைகால் என்று பல இடங்களில் தேவைப்படுகிறது. கைகாலுக்கான அதன் சுவிட்ச், மரபணுவிலிருந்து கிட்டத்தட்ட 10 லட்சம் எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. மனிதரில் அந்தச் சுவிட்சின் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் கூடுதல் விரலோடு குழந்தை பிறக்கலாம். 2016இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் எலியின் சுவிட்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மனிதனின் சுவிட்சை வைத்தார்கள், கால் ஒழுங்காக வளர்ந்தது. மீனின் சுவிட்சை வைத்தபோதும் வளர்ந்தது. பாம்பின் சுவிட்சை வைத்தபோது எலிக்குக் கால்கள் குட்டையான முளைகளாக நின்றுவிட்டன. பிறகு பாம்புச் சுவிட்சில் தொலைந்திருந்த 17 எழுத்துகளை மட்டும் திரும்பச் சேர்த்தார்கள், கால்கள் வந்தன.

இழப்பதைப் பற்றியே பேசுகிறேன். புதிதாக ஒன்று எப்படி வருகிறது? பெரும்பாலும் பிரதி எடுப்பதன் மூலம். டிஎன்ஏ நகலாகும்போது ஒரு மரபணு தவறுதலாக இரண்டாகிவிட்டால், ஒன்று பழைய வேலையைப் பார்த்துக்கொள்ளும், மற்றது மாறிப் பார்க்கலாம். நமக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காட்டும் இரண்டு மரபணுக்கள் அப்படி வந்தவை. நம் குரங்கு மூதாதையரில் ஒன்றாக இருந்தது இரண்டானது. இரண்டும் எக்ஸ் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில், ஏறக்குறைய ஒரே மாதிரியான வரிசையோடு இருப்பதால், முட்டைச் செல் உருவாகும்போது இரண்டு எக்ஸ்களும் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் நேரத்தில் இன்றும் குழப்பம் நடக்கிறது. ஆண்களுக்கு ஒரே எக்ஸ்தான், அதில் பழுதானால் மாற்று இல்லை. சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு ஆண்களிடம் அதிகமாக இருப்பது இதனால்தான்.

பிரதியும் சுவிட்சும் சேர்ந்து வேலை செய்வதைக் கண் முன்னே பார்த்த சோதனை ஒன்று இருக்கிறது. ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் ஈ.கோலை பாக்டீரியாவை 12 குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். தினமும் ஒவ்வொரு குடுவையிலிருந்தும் நூற்றில் ஒரு பங்கை எடுத்துப் புதுக் குடுவைக்கு மாற்றுவார்கள், 500 தலைமுறைக்கு ஒரு முறை கொஞ்சத்தை உறைய வைத்துவிடுவார்கள். அந்தத் திரவத்தில் சிட்ரேட் என்ற பொருளும் உண்டு, ஆனால் ஆக்சிஜன் இருக்கும்போது ஈ.கோலையால் அதை உள்ளே இழுத்துச் சாப்பிட முடியாது. 31,000 தலைமுறைகளைத் தாண்டிய பிறகு ஒரே ஒரு குடுவை மட்டும் கலங்கலாகத் தெரிந்தது. அதில் இருந்த பாக்டீரியா சிட்ரேட்டைச் சாப்பிடப் பழகியிருந்தது. சிட்ரேட்டை உள்ளே கொண்டுவரும் மரபணு ஈ.கோலையிடம் முன்பிருந்தே இருந்தது, ஆக்சிஜன் இல்லாதபோது மட்டும் வேலை செய்யும். அது இரட்டிப்பாகி, புதுப் பிரதி போய் விழுந்த இடம் ஆக்சிஜன் இருக்கும்போது இயங்கும் இன்னொரு சுவிட்சுக்குப் பக்கத்தில். அவ்வளவுதான். உறைய வைத்திருந்த பழைய தலைமுறைகளை எழுப்பி மறுபடி ஓட்டிப் பார்த்தபோது, பிந்தைய தலைமுறைகளிலிருந்து மட்டுமே இந்தத் திறமை திரும்ப வந்தது. அதற்கு முன்பே வேறு மாற்றங்கள் களத்தைத் தயார் செய்திருந்தன என்று அர்த்தம்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் புரதமே மாறுவது முக்கியமில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அரிவாள் செல் நோயில் ஹீமோகுளோபின் மரபணுவின் ஓர் எழுத்து மாறி, அதனால் ஓர் அமினோ அமிலம் மாறுகிறது. 1950களில் வெர்னன் இங்ராம் கண்டுபிடித்தது. மாறிய பிரதி ஒன்று மட்டும் இருந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு, இரண்டும் மாறியிருந்தால் நோய். மலேரியா அதிகம் இருந்த பகுதிகளில் இது நிலைத்துப் போனதற்குக் காரணம் அந்தப் பாதுகாப்பு. முழுதாகக் கெட்டுப்போன மரபணுக்களும் நம்மிடம் உண்டு. வைட்டமின் சி தயாரிக்கும் கடைசி நொதியின் மரபணு பெரும்பாலான பாலூட்டிகளில் நன்றாக இருக்கிறது, நம்மிடம் உடைந்த நிலையில் கிடக்கிறது.

இப்போது அந்த 99 சதவீதம். நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக்கூடிய பகுதிகளில் சிம்பன்சிக்கும் நமக்கும் வித்தியாசம் சுமார் 1.2 சதவீதம். கேட்கச் சிறியது, ஆனால் 300 கோடி எழுத்தில் அது மூன்றரைக் கோடி இடங்கள். நடுவில் சேர்ந்த, விடுபட்ட துண்டுகளையும் கணக்கில் எடுத்தால் வித்தியாசம் இன்னும் கூடும். ஜீனோம் எதையும் படிக்க முடியாத காலத்திலேயே, 1975இல், மேரி-கிளேர் கிங்கும் ஆலன் வில்சனும் இரண்டின் புரதங்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதைக் காட்டி, உருவ வேறுபாட்டுக்குக் காரணம் மரபணுக்களை இயக்கும் விதத்தில் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஈயைப் பற்றிய சதவீதம் வேறு வகை. அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்கு ஒத்த மரபணு இரண்டிலும் இருக்கிறதா என்ற கணக்கு அது, எழுத்துக்கு எழுத்து ஒன்று என்று பொருளில்லை. இந்த இரண்டு சதவீதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

மனிதருக்குள் உள்ள வேறுபாடு இன்னும் சிறியது, இரண்டு பேருக்கு இடையே ஆயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில். அதிலும் ‘உயரத்துக்கு ஒரு மரபணு’ மாதிரி தேடினால் ஏமாற்றம்தான். 2022இல் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில் உயரத்தோடு தொடர்புடைய 12,000க்கும் மேற்பட்ட இடங்கள் கிடைத்தன. எதிர்மாறான உதாரணம், பெரியவரான பிறகும் பால் செரிப்பது. லாக்டேஸ் மரபணு எல்லோருக்கும் இருக்கிறது, பலருக்குச் சிறு வயதுக்குப் பின் அடங்கிவிடும். அதன் சுவிட்சில் ஒரே ஓர் எழுத்து மாறியவர்களுக்கு அடங்குவதில்லை. ஐரோப்பாவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, கிழக்கு ஆப்பிரிக்காவில் அதே சுவிட்சில் வேறு எழுத்து. தனித்தனியாக நடந்தவை.

கடைசியாக ஒன்று, இந்த அறிவு இன்று மருத்துவத்துக்கு வந்துவிட்டது. கருவில் இருக்கும் குழந்தைக்கு வேறொரு ஹீமோகுளோபின் உண்டு, பிறந்த பிறகு பிசிஎல்11ஏ என்ற மரபணு அதை அடக்கிவிடும். அரிவாள் செல் நோயாளியிடம் அந்தக் கரு ஹீமோகுளோபினைத் திரும்ப எழுப்பினால் நோய் பெருமளவு அடங்கும். ஆனால் பிசிஎல்11ஏவை அப்படியே உடைக்க முடியாது, நோய் எதிர்ப்பு செல்களிலும் மூளையிலும் அதற்கு வேலை இருக்கிறது. அதனால் சிவப்பணு உருவாகும் செல்களில் மட்டும் அதை இயக்கும் சுவிட்சை, டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிறிஸ்பர் என்ற கருவியைக் கொண்டு வெட்டுகிறார்கள். இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. நோயாளியின் இரத்த மூலச்செல்களை வெளியே எடுத்துத் திருத்தி, கடுமையான கீமோதெரபி கொடுத்த பிறகு திரும்பச் செலுத்த வேண்டியிருப்பதால், செலவும் உடல் வேதனையும் இன்னும் மிக அதிகம். தேவைப்படுகிறவர்களில் மிகச் சிலருக்குத்தான் இப்போதைக்குக் கிடைக்கிறது.