பொலிகுதிரைக்கு எதற்கு வரிவிலக்கு?

கேள்வி: அயர்லாந்தில் பந்தயக் குதிரை, கிரேஹவுண்ட் என்கிற பந்தய நாய் வளர்ப்பவர்களுக்கு முன்பு வருமான வரி விலக்கு இருந்ததாமே. இங்கே விவசாயிக்கு வரி இல்லாதது போலத்தானே அதுவும்? அதைப் போய் ஏன் குறை சொல்கிறீர்கள்? (ஒரு வாசகர், கோவை)

பதில்: விவசாயியை இதில் இழுக்காதீர்கள். நம் நாட்டில் நிலத்தில் விளைவதற்குத்தான் அந்த விலக்கு. நாலு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவரின் வருமானம்கூடச் சட்டப்படி விவசாய வருமானம் ஆகாது. கோழிப்பண்ணைக்காரர் கதையும் அதேதான்.

அயர்லாந்து விலக்கு யாருக்குப் போனது என்று பாருங்கள். பொலிகுதிரையை, அதாவது இனவிருத்திக்கென்றே வைத்திருக்கும் ஆண் குதிரையை, இணைசேர விடுவதற்கு வாங்குகிற கட்டணத்துக்குத்தான் விலக்கு. லாயம் கூட்டுகிறவர் தன் சம்பளத்துக்கு வரி கட்டினார், குதிரையின் முதலாளி கட்டவில்லை. உயர்ஜாதிப் பந்தயக் குதிரைகளில் செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியைப் பதிவு செய்யவே முடியாது. பெட்டைக் குதிரை நேரில் வந்தாக வேண்டும். பேர்பெற்ற ஒரு குதிரையிடம் ஒரே பருவத்தில் நூற்றுக்கு மேல் பெட்டைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். அந்தப் பணம் முழுவதற்கும் வரி கிடையாது. பிற்பாடு கிரேஹவுண்ட் ஆண் நாய்க்கும் இதே சலுகை வந்தது.

1969இல் இதைக் கொண்டுவந்தவர் அன்றைய நிதியமைச்சர் சார்லஸ் ஹாகி. அவரும் பந்தயக் குதிரை வைத்திருந்தவர்தான். 2004 வரை இந்த வருமானத்தை வரிக் கணக்கில் காட்டவே வேண்டியதில்லை. அரசுக்கு எவ்வளவு நஷ்டம் என்று அரசுக்கே தெரியாமல் முப்பத்தைந்து வருடம் ஒரு சலுகையை ஓட்டியிருக்கிறார்கள்! எனக்கு இதுதான் ஆறவில்லை. ஐரோப்பிய ஆணையம் ஆட்சேபித்த பிறகு, 2008 ஜூலை 31ஆம் தேதியோடு அதை முடித்தார்கள். அப்போதும் குதிரை வாங்கிய விலையை நாலு வருடத்தில் செலவாகக் கழித்துக்கொள்ள வழி செய்துவிட்டுத்தான் முடித்தார்கள்.

அதே ஹாகி அதே 1969இல் எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் வரிவிலக்கு கொடுத்தார். அதற்காக அவரை மனதாரப் பாராட்டுவேன். ஆனால் 2011இல் அரசின் கையில் காசில்லாதபோது எழுத்தாளனின் வரிவிலக்கு உச்சவரம்பை வருடத்துக்கு 40,000 யூரோவாக வெட்டினார்கள். இப்போது அது 50,000. பொலிகுதிரைக்கென்று தனி உச்சவரம்பு கடைசி நாள் வரை இருந்ததில்லை. எந்த ஊரிலும் புத்தகம் என்றால் அரசாங்கத்துக்குக் கை நடுங்கும். நம் வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி வாங்குகிறார்கள். அதை நூலகத்துக்கு ஒழுங்காகக் கட்டாத உள்ளாட்சிகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. இருந்தாலும் விடமாட்டேன்.

சரி, நாய்க்கு வருவோம். வரிவிலக்கு போனாலும் அரசுப் பணம் நிற்கவில்லை. 2001 சட்டப்படி குதிரை, நாய்ப் பந்தயங்களுக்கென்று ஓர் அரசு நிதி இருக்கிறது. 2024இல் அதில் 9.5 கோடி யூரோ. எண்பது சதவீதம் குதிரைக்கு, இருபது சதவீதம் நாய்க்கு. அங்கே வருடத்துக்குச் சுமார் 16,000 கிரேஹவுண்ட் குட்டிகள் பிறக்கின்றன, அவற்றில் 6,000 போல வேகம் போதவில்லை என்று கொல்லப்படுகின்றன என்றது ஓர் அறிக்கை. 2019இல் அந்நாட்டுத் தொலைக்காட்சி அதை வெளியே கொண்டுவந்தது. அறிக்கையைத் தயாரிக்கச் சொன்னது நாய்ப் பந்தய வாரியமேதான். காலில் அடிபட்ட நாய்கள்கூட அல்ல, தகுதி ஓட்டத்தில் கொஞ்சம் பிந்திய நாய்கள். பிறப்பிக்கிறவருக்குச் சலுகை, பிறந்தது என்ன ஆனது என்று கேட்க ஆள் இல்லை என்றால் வேறென்ன நடக்கும்?

குட்டியைப் பதிவு செய்யும்போதே, பந்தயத்துக்குப் பின் அதை வைத்துச் சோறு போடுகிற செலவையும் வளர்ப்பவரிடம் வாங்கிவிட வேண்டும். அதற்கு அவர்கள் சம்மதித்த பிறகு வரிச் சலுகை கேட்கட்டும்.