யாரை விஞ்சுகிறாள்?

வணக்கம் ஐயா. தவணைப் பரீட்சையில் 'ஷீ எக்ஸெல்ஸ் இன் மியூசிக்' என்பதற்கு மகள் 'அவள் இசையில் விஞ்சுகிறாள்' என்று எழுதினாள். டீச்சர் பிழை போட்டுவிட்டார். அகராதியில் 'விஞ்சு' என்றும் இருக்கிறதே? எக்ஸெல் (excel), அவுட்டூ (outdo), சர்பாஸ் (surpass) எல்லாம் ஒன்றுதானே? இந்த ஒரு மார்க்கால் வகுப்பில் முதலாம் பிள்ளை இரண்டாம் பிள்ளையாகிவிட்டாள்.
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

அன்புள்ள தங்கச்சி,

டீச்சர் போட்டது சரி. யாரை விஞ்சுகிறாள்? அந்த வாக்கியத்தில் ஆளே இல்லையே. அவுட்டூவுக்கும் சர்பாஸுக்கும் ஆளோ அளவோ ஒன்று எதிரில் வேண்டும். எக்ஸெல்லுக்கு வேண்டியதில்லை. உயர்ந்து நிற்பது என்ற லத்தீன் பொருளில் வந்த சொல் அது. எதில் என்று சொன்னால் போதும். பழைய புத்தகங்களில் 'மற்றவர்களை எக்ஸெல் பண்ணினான்' என்ற வழக்கும் உண்டு, அகராதி அதையும் சேர்த்துச் சொல்கிறது. 'சிறந்து விளங்குகிறாள்' என்று பிள்ளை எழுதியிருக்கலாம். இலக்கணம் அவ்வளவுதான்.

என்னை உறுத்தியது உங்கள் கடைசி வரி.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊரில் கண்ணகி அம்மனுக்குக் கொம்புமுறி நடக்கும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி அம்மன் பக்கம். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, இரண்டு பக்கமும் நின்று இழுப்பார்கள். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றார். எங்கள் வீடு தென்சேரி. ஒருமுறை வடசேரிக் கொம்பு படாரென்று முறிந்தது. நாங்கள் சின்னப் பெடியன்கள் மண்ணில் உருண்டு குதித்தோம். அம்மப்பா மட்டும் எதிர்ப்பக்கம் போய், முறிந்த துண்டைக் குனிந்து எடுத்து, பெருவிரலால் தடவிப் பார்த்தார். “நல்ல வைரமான மரம். கணுவிலதான் விட்டிருக்கு” என்றார். தோற்றவர்களும் கூடிநின்று பார்த்தார்கள். அடுத்த கொம்புக்கு மரம் பார்க்கும் கதை அங்கேயே தொடங்கிவிட்டது. எனக்கு அன்று அம்மப்பாவில் கோபம். வென்றது நாம், இவருக்கு அங்கே என்ன வேலை?

நீங்களும் இப்போது மண்ணில்தான் உருள்கிறீர்கள் தங்கச்சி, அதுவும் ஒரு மார்க்குக்காக. முதலாம் பிள்ளையாக வந்த அந்த மற்றப் பிள்ளை அதே வாக்கியத்துக்கு என்ன எழுதியது என்று கேட்டீர்களா? உங்கள் மகள் கேட்டிருப்பாள். பிள்ளைகள் கேட்பார்கள்.

டீச்சரிடம் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். கடிதத்தில் மகளின் மார்க் இருக்கிறது, இடம் இருக்கிறது. அவள் பாடுவாளா என்று ஒரு சொல் இல்லை. அதை எழுதுங்கள்.