தோற்றுவிட்டு வந்தும் சிரிக்கிறாரே!

கேள்வி: என் கணவர் போன வருடம் ஓய்வுபெற்றார். 36 வருடம் ஆபீஸில் கணக்குப் பார்த்தவர். இப்போது மாலை ஐந்தரை ஆனால் போதும், செஸ் போர்டைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். எங்கள் அப்பார்ட்மென்டில் இரண்டாம் மாடியில் ஒன்பதாவது படிக்கிற பையன் இருக்கிறான், அவனோடு ஆட்டம். பத்து ஆட்டத்தில் ஏழு தோல்வி. தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே வருகிறார்! கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னால் மறந்துபோகும். முந்தாநாள் ஆட்டத்தில் எந்தக் குதிரை எங்கே போனது என்பது மட்டும் மறக்காது. சாப்பிடும்போது அதுதான் பேச்சு. ராத்திரி படுக்கையில் போனில் வேறு. தொலைந்துபோன ஒரு சிப்பாய்க்குப் பதிலாக என் தைலப் பாட்டில் மூடியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த பிளாஸ்டிக் பொம்மைகளில் அப்படி என்னதான் இருக்கிறது? இதை எப்படி நிறுத்துவது?
- நங்கநல்லூர் வாசகி

பதில்: முதலில் ஒரு கதை சொல்லிவிடுகிறேன். மார்செல் துஷாம்ப் என்று ஒரு பிரெஞ்சு ஓவியர், மகா செஸ் பைத்தியம். 1927இல் கல்யாணம் ஆன புதிதிலேயே ராத்திரியெல்லாம் செஸ் புதிர்களோடு உட்கார்ந்துவிடுவாராம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி, ஒரு நாள் அவர் தூங்கும்போது காய்களையெல்லாம் பலகையோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டிவிட்டார் என்று சொல்வார்கள். சில மாதங்களில் விவாகரத்து. உங்கள் கையில் ஃபெவிகால் இருந்தால் கீழே வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

நீங்கள் தாயம் ஆடியிருப்பீர்கள்தானே? தோற்றால் என்ன சொல்வோம்? "தாயமே விழலை." பழி கட்டை மேல். சீட்டாட்டத்தில் "கை சரியா வரலை." செஸ்ஸில் அந்த வசதி கிடையாது. 64 கட்டமும் பட்டப்பகலாகத் திறந்து கிடக்கின்றன. பையனுக்குத் தெரிவதெல்லாம் உங்கள் கணவருக்கும் தெரியும். ஆட்டம் தொடங்கும்போது வெள்ளைக்கு 20 நகர்த்தல்கள்தான் இருக்கின்றன. கறுப்பும் ஒரு காயை நகர்த்தியதும் போர்டு 400 விதங்களில் ஒன்றாக நிற்கும். அப்புறம் அது பெருகுகிற வேகம் யார் கணக்கிலும் அடங்காது. அத்தனையிலும் எது என்று முடிவெடுப்பது அவர் ஒருவர்தான்.

இது பயமுறுத்துகிற விஷயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். 36 வருடம் மேலதிகாரி, ஆடிட், சர்க்குலர் என்று அடுத்தவர் கையெழுத்துக்காகக் காத்திருந்த மனிதருக்கு அப்படித் தோன்றாது. ஜெயித்தாலும் தோற்றாலும் முழுக்க முழுக்கத் தன் கைவேலை என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இப்போதுதான் ஒன்று கிடைத்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, என் கணக்கில் இதுதான் முக்கியம். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஓய்வுபெற்ற ஆளை நாம் வீட்டில் எப்படி நடத்துகிறோம்? அவர் ஒரு யோசனை சொன்னால் "சரி சரி, பார்க்கலாம்." பிள்ளைகள் போனில் "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்வார்கள். பாங்கில் டோக்கன், ஆஸ்பத்திரியில் டோக்கன். அவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று யாரும் கவலைப்படுவதில்லை. அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் கவலைப்படுகிறான். நகத்தைக் கடித்துக்கொண்டு, "அங்கிள் எதுக்கு அந்தச் சிப்பாயைத் தள்ளினாரு?" என்று ஐந்து நிமிடம் மண்டையை உடைத்துக்கொள்கிறான். விட்டுக்கொடுக்காமல் ஆடித் தோற்கடிக்கிறான் பாருங்கள், அது மரியாதை. வயசானவர் பாவம் என்று வேண்டுமென்றே தோற்றுக்கொடுத்திருந்தால், உங்கள் கணவர் இரண்டே நாளில் போர்டைப் பரண்மேல் போட்டிருப்பார்.

எங்கள் அப்பாவுக்கும் திருவல்லிக்கேணியில் பக்கத்துப் போர்ஷன் மாமாவுக்கும் தண்ணீர் அடிக்கிற விஷயத்தில் சண்டை. பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருடம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மாமா வந்து திண்ணையில் உட்காருவார், அப்பா காய்களை அடுக்குவார். இரண்டு மணி நேரத்தில் இருவர் வாயிலிருந்தும் வருகிற ஒரே வார்த்தை "செக்." அம்மா காபி கொண்டுபோய் வைத்துவிட்டு எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். இது என்ன கூத்து என்று அப்போது எனக்கும் புரியவில்லை. இப்போது யோசித்தால், அந்த இரண்டு மணி நேரமும் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சரி, கொத்தமல்லி விவகாரம். அவர் உங்கள் பேச்சை அலட்சியம் செய்கிறார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நிஜ ஆட்டத்திலிருந்து ஒரு நிலையை ஐந்து விநாடி காட்டிவிட்டு மறைத்தபோது, தேர்ந்த ஆட்டக்காரர் நிறையக் காய்களைச் சரியான இடத்தில் திரும்ப வைத்தார். புதிதாக ஆடுகிறவரால் நாலைந்துதான் முடிந்தது. அதே காய்களைக் கண்டபடி இறைத்து வைத்துக் காட்டியதும், தேர்ந்தவரும் புதியவரைப் போலவே திணறினார். அதாவது அவருக்கென்று தனி ஞாபகசக்தி எதுவும் இல்லை. நமக்குக் கோலம் மாதிரி. புள்ளி புள்ளியாக யாராவது நினைவில் வைத்துக்கொள்கிறோமா? இழை எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் கை தானாகப் போட்டுவிடும். அவருக்குக் குதிரை போன இடத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதனால் நிற்கிறது. கொத்தமல்லிக்கு ஒரு காரணமும் இல்லை. துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். அதுவும் ஐந்தரைக்கு முன்னால்.

தோற்ற பிறகு என்ன நடக்கிறது என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? நாளைக்கு ஆட்டம் முடிகிற நேரமாகப் பார்த்து ஒரு ஃபிளாஸ்க் காபியோடு மாடி ஏறுங்கள். இருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். காய்களைப் பின்னுக்கு நகர்த்தி, "இந்த இடத்துல நான் யானையை எடுத்திருந்தா?" என்பார் இவர். "எடுங்க, குதிரையால செக் வெச்சு ராணியைத் தூக்கிடுவேன்" என்பான் அவன். "அட, ஆமா!" என்று ஒரு சத்தம் வரும். உங்கள் கணவர் சிரித்துக்கொண்டே இறங்கி வருவது அந்த "அட, ஆமா"வோடுதான். ஜெயித்தவனும் தோற்றவரும் கூட்டாக உட்கார்ந்து தோல்வியைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் வேறு எத்தனை ஆட்டங்களில் இருக்கிறது?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டி. நம் சென்னைப் பையன் குகேஷுக்கு எதிரில் அப்போதைய சாம்பியன், சீனாவின் டிங் லிரென். கடைசி ஆட்டம், 14ஆவது; இருவரும் 6.5 புள்ளி. டிரா என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்ட நேரத்தில், 55ஆவது நகர்த்தலில் டிங் லிரென் யானையை வைக்கக் கூடாத கட்டத்தில் வைத்தார். 18 வயதில் உலக சாம்பியன். எதிராளி கை கொடுத்துவிட்டுப் போன பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? கண்ணீர் வழிய வழிய, காய்களை ஒவ்வொன்றாக எடுத்து முதல் வரிசையில் திரும்ப அடுக்கினான். டிவியில் அதைப் பார்த்து நானும் அழுதேன். எனக்கு அப்போது குதிரை எப்படிப் போகும் என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனந்துக்கு அவர் அம்மா சொல்லிக்கொடுத்த ஆட்டம் இது. வைஷாலியை டிவி முன்னாலிருந்து எழுப்புவதற்காகப் பெற்றோர் செஸ்ஸில் சேர்க்க, அக்காவைப் பார்த்துப் பிரக்ஞானந்தா பிடித்துக்கொண்ட ஆட்டம். 2022 செஸ் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலத்துக்கே கறுப்புக் கட்டம் வெள்ளைக் கட்டம் அடித்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை நிறுத்த வழி கேட்கிறீர்களே!

ஆனால் ராத்திரி போன் விஷயத்தில் நான் முழுக்க உங்கள் கட்சி. அது வேறு ஜாதி. மூன்று நிமிட ஆட்டம்; யோசிக்க நேரமில்லை, எதிரில் முகமில்லை, "அட, ஆமா" இல்லை. ஜெயித்தால் ரேட்டிங் என்கிற தர மதிப்பெண் எட்டு ஏறும், தோற்றால் எட்டு இறங்கும். அந்தச் செயலி அவருக்குச் சமமாக ஆடுகிறவரையே தேடிப்பிடித்துக் கொடுக்கும். ஆகவே எவ்வளவு தேறினாலும் ஏறத்தாழ பாதி ஆட்டம் தோல்விதான். இறங்கின எட்டைப் பிடிக்க "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று பன்னிரண்டரை மணி ஆகிவிடும். இதில் கறாராக இருங்கள். பத்து மணிக்கு மேல் போன் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும். மாடி ஆட்டத்தில் கை வைக்க மாட்டேன் என்று நீங்கள் வாக்குக் கொடுத்தால், இதற்கு ஒத்துக்கொள்வார்.

மாடி ஆட்டத்துக்கும் ஒரு வரம்பு தேவைதான். பையனுக்குப் படிப்பு இருக்கிறது. ஒரு செஸ் கிளாக் வாங்கிக் கொடுங்கள். ஆளுக்கு 20 நிமிடம் என்று வைத்தால் ஓர் ஆட்டம் 40 நிமிடத்தைத் தாண்டாது. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கீழே வந்துவிடுவார். நீங்களும் கற்றுக்கொண்டு அவரோடு ஆடுங்கள் என்று சொல்ல மாட்டேன். பிடித்தால் ஆடுங்கள். உங்களுக்கும் அந்த ஐந்தரையிலிருந்து ஆறரை வரை வீடு அமைதியாக இருக்கிறது என்பதை இந்த ஒரு வருடத்தில் கவனிக்காமலா இருந்திருப்பீர்கள்?

தைலப் பாட்டில் மூடியை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள். எட்டாவது கட்டம் போய்ச் சேர்ந்தால் அது ராணியாகிவிடும். அப்புறம் அந்தப் பையனே கொடுக்க மாட்டான்.